வெளிப்பூச்சு

எதிரி வருகிறான் என்று ஒவ்வொரு ராஜாவும் கோட்டை மதிலுக்கு உள்பக்கமாக இன்னொரு மதிலை ஒட்டிக் கட்டினார். எதிரி வரவில்லை. தெருக்கள்தான் சுருங்கின. கடைசி ராஜா, மிச்சமிருந்த ஒரே வாசலையும் அடைக்கச் சொன்னார். உள்ளே நின்று அடைத்தவர் கொத்தனார். பூச்சு முடிந்ததும் வழக்கம்போல் ஈரச் சுண்ணாம்பின் மூலையில் கட்டைவிரலைப் பதித்தார். அந்த விரலின் நுனி சிறுவயதிலேயே உளிக்குப் போயிருந்தது.

அப்புறம் மதில் கசிய ஆரம்பித்தது. கிணறுகள் கறுத்தன. அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் பேச்சிழந்து, சுவரில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு காலையில் கொத்தனாரின் மகளும் போய் நின்றாள்.

"நீங்க அடைச்சதுதானே, நீங்களே உடைங்க," என்றாள் மனைவி. "வெளிய போனா புள்ள பொழச்சுக்கும்."

"ராஜாவுக்குத் தெரிஞ்சா தலை போயிடும்."

"தலைய வச்சுக்கிட்டு என்னத்தக் கிழிக்கப் போறோம்?"

தன் விரல் தடத்துக்குப் பக்கத்தில் உளியை வைத்தார். மதியத்துக்குள் ஓட்டை விழுந்து வெளிச்சம் வந்தது. தோள்வரை கையை விட்டு, சுவரின் வெளிப்புறத்தைத் தடவினார்.

"என்னங்க இருக்கு?"

"வெளியவும் பூசியிருக்கு. இன்னும் காயல."

மூலையில் ஒரு குழி தட்டுப்பட்டது. அவருடைய குறைந்த கட்டைவிரல் அதில் அச்சாகப் பொருந்தியது.

அப்போது வெளியிலிருந்து ஒரு கை, அவர் கையைப் பிடித்து மெதுவாக உள்ளே தள்ளியது. சுண்ணாம்பு குழைக்கும் சத்தம் கேட்டது.

மனைவி மகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்து நின்றாள்.

"ஏங்க, வெளிச்சம் குறையுதே?"