ஒரு செங்கல்கூட இல்லை

பனாமா நகரத்துக் குடும்ப நீதிமன்ற வாசலில் பஸ்ஸிலிருந்து இறங்கினான் அப்டியேல் கிண்டேரோ. சாயம் போன சட்டை, காலில் ரப்பர் செருப்பு. பஸ்ஸில் டிக்கெட் கார்டை எங்கே வைத்துத் தட்டுவது என்று தெரியாமல் முழித்ததில் டிரைவரே சிரித்துவிட்டார்.

கடலோரத்தில் மூன்று வானுயரக் கட்டடங்களைக் கட்டி விற்றவன் அவன். போன கார்னிவல் திருவிழாவுக்கு ஹெலிகாப்டரில் வந்து இறங்கி ஊருக்கே கையசைத்தவன்.

"என் பேர்ல ஒரு செங்கல்கூட இல்லைங்க மேடம்," என்றான் நீதிபதியிடம். "ஜீவனாம்சம் கொடுக்க மனசு இருக்கு. காசுதான் இல்லை."

எதிரில் அவன் மனைவி மரிட்சா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். கல்யாணமான புதிதில் வெயிலில் அவனோடு வீடு வீடாக ஏறி இறங்கி, முதல் மனைகளை விற்றுக் கொடுத்ததே அவள்தான். இப்போது இரண்டு பெண் பிள்ளைகளோடு ஒண்டுக் குடித்தனம். அவனோ புதிதாகப் பிடித்த மாடல் அழகியோடு கடல் பார்த்த மேல்மாடியில் இருந்தான்.

மரிட்சாவின் வக்கீல் ஒல்மேடோ போட்டோக்களை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார்.

"இந்தப் படகு?"

"கம்பெனியோடது."

"தங்கக் குழாய் வச்ச குளியலறை?"

"கம்பெனி வீடு. நான் குளிக்க மட்டும்தான் செய்யறேன்."

"கையில வைரக் கடிகாரம்?"

"போட்டோவுக்குப் போட்டது. அப்பவே கழட்டி ஆபீஸ் பீரோவுல வச்சாச்சு."

"வாயில பளபளன்னு மின்னுதே, அந்தப் பல்லு?"

"விளம்பரச் செலவுங்க. அதுவும் கம்பெனி கணக்குதான்."

அறையே சிரித்தது. தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண்கூட வாயைப் பொத்திக்கொண்டாள். அப்டியேலும் சேர்ந்து சிரித்தான், கம்பெனிப் பற்கள் அத்தனையும் தெரிய.

"சரி, அந்தக் கம்பெனி யாரோடது?" என்றார் நீதிபதி.

"எங்க அம்மாவோடது மேடம். பங்கு மொத்தமும் அவங்க பேர்லதான். நான் அங்க சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவன்."

உதட்டுச் சாயமும் உயரமான ஹீல்ஸுமாக டக்டக்கென்று நடந்து வந்து கூண்டில் ஏறினாள் அவன் தாய் எடில்மா. மகனைப் பார்த்து லேசாகக் கண்ணடித்தாள்.

ஒல்மேடோ விடுவதாக இல்லை. "அம்மா, நீங்க வெறும் பினாமி. மகன் காட்டின இடத்துல கையெழுத்துப் போட்டீங்க, அவ்வளவுதான். நிஜத்துல எல்லாம் அவரோடது. உண்மையா இல்லையா?"

அப்டியேல் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தான்.

எடில்மா நீதிபதி பக்கம் திரும்பினாள். "நான் சொன்னா அது செல்லுங்களா?"

"சத்தியம் பண்ணிச் சொல்றீங்க. செல்லும்."

"நாளைக்கு யாரும் வந்து மாத்திட முடியாதே?"

"முடியாது."

"அப்ப நல்லா எழுதிக்கோங்க. எல்லாம் என்னோடது. இவனுக்கு அதுல ஒரு செண்ட்கூடப் பாத்தியதை கிடையாது."

"அத்தை, நீங்களுமா?" என்றாள் மரிட்சா. எடில்மா அவள் பக்கம் பார்க்கவே இல்லை.

"அம்மா சொல்றதை ஒத்துக்கறீங்களா?" என்று அப்டியேலைக் கேட்டார் நீதிபதி.

"வார்த்தைக்கு வார்த்தை ஒத்துக்கறேன் மேடம்," என்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டான். அவன் சொன்ன சம்பளத்தை வைத்து, பிள்ளைகளின் பஸ் செலவுக்கே பற்றாத ஒரு தொகையை ஜீவனாம்சமாக எழுதினார் நீதிபதி.

வெளியே வராந்தாவில் அப்டியேல் தாயை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். "அம்மா, நீ சினிமாவுக்குப் போயிருக்கணும். இன்னைக்கு மேல்மாடியில விருந்து, பாட்டு, எல்லாம் உண்டு. போற வழியில பேங்க்ல இறங்கி அந்தப் பங்குப் பத்திரங்களை எடுத்துக் கொடுத்துடு."

"முதல்ல என்னை இறக்கி விடுடா," என்றாள் எடில்மா. கவுனை நீவி விட்டுக்கொண்டு, படியிறங்கிக்கொண்டிருந்த மரிட்சாவைக் கூப்பிட்டாள்.

"மரிட்சா, நில்லு. பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு இன்னைக்கே மேல்மாடிக்குக் குடி வந்துடு. அங்க இருக்கிற பொண்ணைக் கிளம்பச் சொல்லி ஆள் அனுப்பிட்டேன். திங்கட்கிழமையிலேர்ந்து ஆபீஸையும் நீதான் பார்த்துக்கணும். இவனையும் வேலைக்கு வச்சுக்கோ, பாவம்."

மரிட்சா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகையா சிரிப்பா என்று தெரியாதபடி அவள் தோள் குலுங்கியது.

"அம்மா, விளையாடாதே," என்றான் அப்டியேல். "அது என் சொத்து. உனக்குத் தெரியாதா?"

எடில்மா மகனின் கன்னத்தைச் செல்லமாகத் தட்டினாள்.

"அப்ப நான் கோர்ட்டுல பொய் சொன்னேங்கறியா, ராஜா?"