முதல் எருமை

டேக் சுடுவான், நான் தோலை உரிப்பேன். மேட்டில் கவட்டைக் குச்சியை நட்டு, அதில் துப்பாக்கியைச் சாய்த்து, மந்தையை நடத்திப் போகும் கிழட்டுக் காட்டெருமையின் நுரையீரலில் முதலில் சுடுவான். அது மூக்கில் ரத்தம் வழிய அப்படியே நிற்கும். மற்றவை ஓடாமல் அதைச் சுற்றி வந்து மோந்து பார்க்கும். பிறகு எல்லாவற்றையும் சாவகாசமாகச் சுடலாம். தோலும் நாக்கும் எங்களுக்கு. மிச்சம் டெக்சாஸ் வெயிலில் ஊதி வெடிக்கும். தின்னும் ரொட்டியில்கூட அந்த நாற்றம்தான். சீ, என்ன பிழைப்பு.

நாற்றம் பொறுக்காமல் கூடாரத்தை மூன்று முறை மாற்றினோம். மூன்று முறையும், விடிந்து பார்த்தால் உரித்த உடல்கள் கூடாரத்தைச் சுற்றிக் கிடந்தன. எல்லாத் தலைகளும் எங்கள் பக்கம் திரும்பியிருந்தன. ஒன்றின் விலாவில் என் கத்தி வழுக்கிய வெட்டு இருந்தது.

"ஓநாய் இழுத்துட்டு வந்திருக்கும்டா."

"எந்த ஓநாய்டா தின்னாம வட்டமா போட்டு வைக்கும்?"

"வாய மூடிட்டு காப்பிய ஊத்து."

எழுந்து நின்று ஒரு வாய் குடித்த டேக் இருமினான். கோப்பையில் ரத்தம் தெறித்தது. மூக்கிலும் வழிந்தது. அவன் உட்காரவில்லை, விழவில்லை, அப்படியே நின்றான். வெடிச்சத்தம் எதுவும் கேட்கவில்லை.

எதிர்மேட்டில் ஒரு கவட்டைக் குச்சி நட்டிருந்தது. எங்களுடையது வண்டியில் கிடந்தது.

நான் ஓடியிருக்க வேண்டும். டேக்கின் பக்கத்தில் போய், அவன் கழுத்தை மோந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.