மடுவத்துச் சுவரில் மகாயுத்தம்

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துச் சுவரில் யாரோ கரியால் படம் போட்டுவிட்டார்கள்!

தோட்டத்தின் ரெண்டு சங்கத் தலைவர்கள் ராமச்சந்திரனும் நாகலிங்கமும் ராஜா வேஷத்தில் வாள்சண்டை போடுகிறார்கள். காலடியில் ரோடு பிளந்து கிடக்கிறது.

பிரதேச சபைத் தேர்தல் முடிந்து ரெண்டு மாசம். ராமச்சந்திரனின் கட்சி பதினொரு வோட்டில் ஜெயித்தது. அன்றோடு ரெண்டு பேருக்கும் பேச்சு நின்றது. மழையில் உடைந்த ரோட்டைச் செய்ய, இரு தலைவர்களும் சேர்ந்து கடிதம் தரச் சொன்னார்கள் சபையில். "அவன் தொட்ட தாள்ல நான் கையெழுத்துப் போடவா?" என்று ரெண்டு பேருமே முறுக்கிக்கொண்டார்கள். இப்போது ஆட்டோகூட மேலே வருவதில்லை. ராமச்சந்திரனின் மகள் கிருஷ்ணகுமாரி எட்டு மாத வயிற்றோடு கிளினிக்குக்கு நடந்து போய் வருகிறாள்.

அது கிடக்கட்டும், மானம் போச்சே!

"என் தொப்பையைப் பாரு, பூசணிக்கா மாதிரி! உங்க ஆளுங்க வேலைதானே?" ராமச்சந்திரன் குதித்தார்.

"யோவ், எங்க ஆளுன்னா என் மூக்கை ஏன்யா இப்படி வரையிறான்?"

நியாயம்தான். ராமச்சந்திரன் யோசித்தார்.

"அப்ப எவனோ ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் கேவலப்படுத்தியிருக்கான். விடக்கூடாது மச்சான். பொலிஸ்ல புகார் என்ட்ரி போடுவோம்!"

புகாரைச் சிங்களத்தில் எழுத வேண்டும். சிங்களம் பேசுவதில் ரெண்டு பேரும் சூரப்புலிகள். எழுதப் படிக்கத்தான் தெரியாது. சிங்கள மீடியத்தில் படித்த கிருஷ்ணகுமாரியை எழுதச் சொன்னார்கள்.

"காரமா எழுதுமா!"

"அவமானம்னு ரெண்டு தடவை போடுமா!"

அவள் தலையாட்டிக்கொண்டே எழுதினாள். இருவரும் கையெழுத்துப் போட்டு சங்க சீலும் குத்தினார்கள்.

"நாளைக்கு புளத்கொகுபிட்டிய டவுனுக்கு கிளினிக் போறேன்ல, நானே குடுத்துடறேன்."

அடுத்த வாரம் ஜீப் வந்தது. பொலிஸ் ஜீப் இல்லை, பிரதேச சபை ஜீப். பின்னால் மண் வெட்டும் பெரிய மெசின்.

"ரெண்டு தலைவர்களும் ஒண்ணா கையெழுத்துப் போட்டு ரோடு கேட்டீங்களே, ரொம்ப சந்தோஷம்!" அதிகாரி சிங்களத்தில் சொல்லிக் கைகுலுக்கினார்.

லயத்து வீட்டுச் சனமே விசிலடித்தது. தலைவர்கள் ரெண்டு பேரும் திருதிருவென்று முழித்தார்கள்.

ராமச்சந்திரன் மகள் பக்கம் திரும்பினார். "அடிப்பாவி! அப்ப அந்தப் படம்?"

"அதுவும் நான்தான்பா. மாமா, மூக்கு கொஞ்சம் நீண்டு போச்சு, மன்னிச்சிருங்க."

நாகலிங்கம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ராமச்சந்திரனுக்குத்தான் ஆறவில்லை.

"பெத்த அப்பனுக்கு இவ்வளவு பெரிய தொப்பையா போடுவ?"

"உங்களுக்குத் தொப்பை தெரிஞ்சிச்சு, மாமாவுக்கு மூக்கு தெரிஞ்சிச்சு. ஓரத்துல ஒரு புள்ளத்தாச்சியப் போர்வையில கட்டி நாலு பேர் தூக்கிட்டுப் போறாங்களே, அவளை ரெண்டு பேருமே பாக்கலையேப்பா!"