றோசின் நான்காவது ஆள்

“இப்ப உங்களுக்குக் கரைச்சல் தந்த ஒராளை நினையுங்கோ” என்றாள் நிஷானி.

ஜெனிற்றா இதற்காகத்தான் வந்திருந்தாள். மூடிய கண்களில் ஒன்றைத் திறந்து, முன்வரிசையில் இருந்த றோசின் முதுகைப் பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

அச்சுவேலியில் ஒரு தேவாலய மண்டபம். பிறஷர்காரரும் சீனி வருத்தக்காரரும் பிளாஸ்ரிக் கதிரைகளில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்கள். வகுப்பை நடத்தும் நிஷானி கண்டியில் படித்த காலத்தில் ஒரு பிக்குவிடம் கற்றுக்கொண்ட மைத்திரி தியானம் இது. முதலில் தனக்கு நன்மை வேண்ட வேண்டும். இரண்டாவது, நண்பருக்கு. மூன்றாவது, முன்பின் பழகாத ஒருவருக்கு. நான்காவது, கரைச்சல் தந்தவருக்கு. கடைசியில் எல்லா உயிர்களுக்கும். அன்பு படிப்படியாகத்தான் விரியும், ஒழுங்கு மாறக்கூடாது என்பதில் நிஷானி கண்டிப்பானவள்.

புத்தருடைய தியானத்துக்கு இங்கே இடம் கொடுக்கலாமா என்று போதகர் ஒருமுறை எட்டிப் பார்த்தார். என்னுடைய பிரசங்கத்தில் மூடுகிற கண்கள்தானே என்று போய்விட்டார்.

பெயரை வாய்க்குள் முணுமுணுத்தால் போதும். மற்ற எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். றோசுக்குக் காது மந்தம். அவள் இரகசியம் என்று நினைத்துச் சொல்வது சந்தை வரைக்கும் கேட்கும். போன கிழமை மூச்சை எண்ணச் சொன்னபோது மண்டபம் முழுக்க அவளுடைய மூச்சைத்தான் எண்ணியது.

வகுப்புக்குப் போய்வரும் மக்டலீன் இதை வந்து சொன்ன அன்றே ஜெனிற்றா முடிவெடுத்துவிட்டாள். இந்தக் கிழமைத் தியானத்தில் எதிரியின் முறையும் வரும். றோஸ் ஜெனிற்றாவின் பெயரைத்தான் சொல்வாள். சொன்ன கையோடு எழும்பி, ஊரறிய ஒரு கேள்வி கேட்க வேண்டும். அதற்கென்றே நல்ல சேலையை எடுத்து மினுக்கி உடுத்தாள். அதனாலேயே பிந்திப்போனாள். வந்து சேர்ந்தபோது மூன்றாவதும் முடிந்திருந்தது. பரவாயில்லை, அவளுக்கு வேண்டியது நான்காவதுதான்.

கேள்வி இதுதான்: பொட்டை ஏன் அடைத்தாய்?

இரண்டு வளவுக்கும் நடுவில் வேலி. வேலியில் ஒராள் குனிந்து போய்வர ஒரு பொட்டு. இருவரும் கலியாணம் கட்டி வந்த காலத்திலிருந்து மீன்குழம்பும் கிறிஸ்மஸ் கேக்கும் ஊர்க்கதையும் அந்தப் பொட்டால்தான் போய்வந்தன. ஜெனிற்றா மகளின் பேறு பார்க்கக் கொழும்புக்குப் போய்த் திரும்பியபோது வேலி புது ஓலையில் பளிச்சென்று நின்றது. பொட்டைக் காணவில்லை.

அது றோஸ் வீட்டாருடைய வேலி. அடைக்கிற உரிமை அவர்களுக்குத்தான். றோசுக்கென்று வாங்கி வந்த பேரீச்சம்பழப் பெட்டியோடு ஜெனிற்றா வேலியோரம் கொஞ்ச நேரம் நின்றாள்.

ஒழுங்கையால் சுற்றிப் போய்க் கேட்டிருக்கலாம். பொட்டால் போய்வந்த வீட்டுக்கு இனி வாசல் படலையால் போவதா என்று மானம் விடவில்லை. றோசும் வரவில்லை. இரண்டு வருடமாகக் கதையில்லை. குழம்பு மணம் மட்டும் வேலிக்கு மேலால் வந்துகொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால், ஜெனிற்றாவுக்குக் கோபத்தைவிடக் கவலைதான் கூட.

றோஸ் தொண்டையைச் செருமினாள்.

மாதா கோயிலில் பூசைக்குப் பெயர் கொடுத்துப் பழகியவள் அவள். ஆள் மாறிப்போகக் கூடாதென்று விபரத்தையும் சேர்த்தே சொல்வாள்.

“வேலிப் பொட்டை அடைச்ச சூசைதாசன் நல்லாயிருக்கட்டும்.”

பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். சூசைதாசன் றோசின் கணவர். கலியாணம் கட்டிய நாளிலிருந்து ‘இஞ்சேருங்கோ’, ‘எங்கடை ஆள்’ என்று மட்டுமே அழைக்கப்பட்டு வந்த மனிதர். அவருடைய பெயரை றோஸ் வாய்விட்டுச் சொன்னதை ஊர் இன்றைக்குத்தான் கேட்டது.

ஜெனிற்றாவுக்கு முதலில் அவமானமாக இருந்தது. ஒருத்தியின் முகத்தைப் பாராமல் இரண்டு வருடம் இருப்பது சின்ன வேலையா? சந்தையில் அவளைக் கண்டு மரக்கறி வாங்காமலே திரும்பிய நாட்கள் எத்தனை? இவ்வளவு பாடுபட்டும் எதிரியாகக்கூட எடுபடவில்லை.

றோஸ் சொன்னது அதன் பிறகுதான் முழுதாக மனதில் ஏறியது. அடைத்தது அந்த மனிதர். தன்னுடைய கோழிகள் பொட்டால் புகுந்து அவருடைய கத்தரிக்கன்றுகளைக் கிளறியதும், அவர் வளவில் நின்று கத்தியதும் இப்போதுதான் நினைவுக்கு வந்தது. றோஸ் வெட்கத்தில் வராமல் இருந்திருக்கிறாள்.

என்றாலும் மனம் ஆறவில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்த மக்டலீனிடம் சரிந்து, என்னை அவள் மறந்தே போனாளோ என்று கேட்டாள்.

“உம்மடை பேரை அப்பவே சொல்லிப்போட்டாள். ரெண்டாவதிலை” என்றாள் மக்டலீன், கண்ணைத் திறக்காமல்.

 ஜெனிற்றா மினுக்கிய சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். பிறகு எழும்பினாள்.

“பிள்ளை, நான் பிந்தி வந்தனான். அந்த ரெண்டாவதை நான் செய்யேல்லை.”

ஒழுங்கு மாறக்கூடாது, அடுத்தது எல்லா உயிர்களும், வேண்டுமென்றால் இருந்த இடத்திலேயே மனதுக்குள் சொல்லிக்கொள்ளலாம் என்றாள் நிஷானி.

“மனதுக்குள்ளை சொன்னால் அவவுக்குக் கேக்காது.”

சொல்லிவிட்டு, தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு முன்வரிசைக்குப் போனாள். எல்லா உயிர்களும் காத்திருந்தன.

கதிரையை றோசின் இடது பக்கமாகப் போட்டு இருந்தாள். வலது காது அறவே கேளாது என்பது அவளுக்குத் தெரியும்.