ஆத்தங்கரைக்கு வேன் போகாது

"படகு வேணாம்" என்று வேலாயி சொன்னதும், தேயிலை மலையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகலையிலிருந்து கொழும்புக்கு வேன் போகிறது. காலையில் கோயில், மத்தியானம் கடல். பின்னேரம் ஆற்றில் படகு, ஊரைச் சுற்றிக் காட்டுகிற படகு. வினோதாதான் போனில் தேடிக் கண்டுபிடித்திருந்தாள்.

"ஏன்க்கா வேணாங்கறீங்க?" என்றாள் வினோதா.

"தண்ணியப் பாத்தா எனக்குத் தலை சுத்தும்."

"இடுப்பளவு ஓடையத் தாண்டிக் கொழுந்து எடுக்கிறப்ப சுத்தாத தலை, கொழும்புத் தண்ணிக்குத்தான் சுத்துமாக்கும்" என்றாள் காளியாயி. எல்லோரும் சிரித்தார்கள்.

"சரி, நீங்க கரையில உக்காருங்க. நாங்க போயிட்டு வாறோம்" என்றாள் வினோதா.

"நீங்களும் போக வேணாம்னுதான் சொல்றேன்."

சிரிப்பு நின்றுபோனது.

லெட்சுமி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இது தலைசுத்து இல்ல வினோதா. என் மகன் வீடு அந்த ஆத்தங்கரையிலதான இருக்கு? அதை யாரும் பாத்திறக் கூடாது இவளுக்கு."

லெட்சுமியின் மகன் துஷாந்த், கொழும்பில் ஒரு இரும்புக்கடையில் வேலை செய்கிறான். ஆற்றைப் பார்த்த மாதிரி மாடி வீடு எடுத்திருக்கிறான் என்று தோட்டத்து லய வீடுகளில் தெரியாதவர்கள் இல்லை. லெட்சுமி அந்த வீட்டை இன்னும் பார்த்ததில்லை. ஒரு தடவை கடையில் லீவு இல்லை என்றான். அடுத்த தடவை வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள் என்றான். இந்த ஞாயிறும் முதலாளி வெளியூர் அனுப்புகிறாராம்.

"உள்ள போகாட்டியும் பரவாயில்ல. படகுல போறப்ப தூரத்துல இருந்து பாத்துக்குவேன். கரையில இருக்கிற ஒவ்வொரு எடத்தையும் மைக்குல சொல்லிக்கிட்டே போவாங்களாமே" என்றாள்.

"பாத்து என்னா செய்யப் போற?" என்றாள் வேலாயி.

"தோட்டத்த விட்டு வெளிய போயி ஒருத்தன் நல்லா இருக்கான்னு கண்ணால பாப்பேன். உன் மகன் இங்கயே தேயிலைக்கு மருந்தடிச்சுக்கிட்டுக் கெடக்கான். அது ஒனக்கு எரியுது."

காளியாயியே "விடு லெட்சுமி" என்றாள்.

வேலாயி மிச்சத் தேத்தண்ணியைத் தேயிலைத் தூரில் ஊற்றினாள்.

"எரியுதுன்னே வச்சுக்க. வேன் ஓட்டுறது என் தம்பி. கோயிலுக்குப் போகும், கடலுக்குப் போகும். ஆத்தங்கரைக்கு வேன் போகாது."

கங்காணி குரல் கொடுத்தார். பெண்கள் எழுந்து நிரைகளுக்குள் போனார்கள். வேலாயிக்குப் பக்கத்து நிரையில் அன்றைக்கு யாரும் நிற்கவில்லை. வழக்கமாக அவளை உரசிக்கொண்டே கொழுந்து எடுக்கும் வினோதாகூட நாலு நிரை தள்ளிப் போய்விட்டாள்.

பின்னேரம் லயத்துக்குப் பின்னால் சிக்னல் கிடைக்கிற மேட்டில் நின்று லெட்சுமி மகனுக்கு போன் போட்டாள்.

"படகு இல்லடா தம்பி. வேலாயி கெடுத்துட்டா."



"வேலாயி பெரியம்மா என்னாம்மா சொன்னாங்க?"

"தலை சுத்துமாம் மகாராணிக்கு."

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

"வேற என்னா இருக்கு சொல்றதுக்கு?"

கொழும்பில் துஷாந்த் தன் வீட்டுத் தகரச் சுவரில் சாய்ந்துகொண்டான். காலடியில் கறுப்பாக ஆற்றுத் தண்ணீர். மழை பெரிதாகப் பெய்தால் உள்ளேயே வந்துவிடும்.

போன மாதம் ஆஸ்பத்திரிக்கு வந்த வேலாயி, கடையில் விசாரித்து இந்தத் தகரக் கதவு வரைக்கும் தேடி வந்துவிட்டாள். வழி காட்டிய பையன் இடத்தின் பேரைச் சொன்னது அவளுக்கு விளங்கவில்லை.

"தோட்டம்னு சொல்றானே. கொழும்புல ஏதுப்பா தேயில?" என்று கேட்டாள்.

கொழும்பில் இந்த மாதிரிக் குடிசைக் கூட்டத்துக்கும் தோட்டம் என்றுதான் பேர் என்று, அவள் முகத்தைப் பார்க்காமல் அவன் சொன்னான். வேலாயி அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அவன் போட்டுக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தாள். "நேரத்துக்குச் சாப்பிடுப்பா" என்று தலையைத் தடவிவிட்டுப் போனாள். அம்மாவிடம் சொல்லாதீர்கள் என்று அவளைக் கேட்டுக்கொள்ளக்கூட அவனுக்கு வாய் வரவில்லை.

"கேக்குதா தம்பி? நீ நல்லா இருக்கிறது அவளுக்குப் பொறுக்கல. பொறாமை புடிச்சவ. என்னா, நான் சொல்றது சரிதான?"

ஆற்றில் ஒரு படகு, மைக்குச் சத்தத்தோடு வந்துகொண்டிருந்தது. துஷாந்த் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டான். படகிலிருந்து யாரோ கரையைப் படம் பிடித்தார்கள். அவன் கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சத்தம் தேய்ந்து போனதும் கையை எடுத்தான்.

"ஆமாம்மா" என்றான். "பொறாமையாத்தான் இருக்கும்."