மாற்றக்கூடாத எண்ணெய்

"கடைசியாக் கேக்குறேன்ம்மா. தொறந்துரவா?"

காரின் அடியில் சாக்கை விரித்துப் படுத்திருந்த மெக்கானிக் சுருளியின் குரல் மட்டும் வெளியே வந்தது.

"திற" என்றாள் பாலாம்பாள்.

பூஜை அறையில் அவள் கணவர் ஹாலாஸ்யம் இன்னும் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். மணிச் சத்தம் கேட்டால் முடிந்தது என்று அர்த்தம். அதன் பிறகு நேராக வாசலுக்குத்தான் வருவார். எந்த நாளும் முதலில் காரைத் தொட்டுவிட்டுத்தான் மற்ற வேலை.

அதற்குள் இந்தக் கார் செத்துப்போக வேண்டும்.

நாளைக் காலையில் பேத்தி பட்டுவை முன்சீட்டில் உட்காரவைத்துத் திருவாதவூர்க் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். குழந்தை ரிப்பனைக்கூட எடுத்து வைத்துவிட்டது.

வேண்டாம் என்று அவரிடம் சொல்லும் தைரியம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. மகன் ஒருமுறை சொல்ல வாயெடுத்தான். அன்றைக்கு முழுக்க அவர் சாப்பிடவில்லை.

கப்பல் மாதிரி நீளமான அமெரிக்கக் கார். சீமைக்குத் திரும்பிப் போன மில் மேனேஜர் ஒருவரிடம் வாங்கியது. கிளச் கிடையாது, கியர் தானாகவே மாறிக்கொள்ளும். மதுரை கே.கே. நகருக்குக் குடி வந்த அன்று தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. அதில் சாய்ந்து உட்கார்ந்து போகும்போது, வைகை மணலும் வெயிலும் தாண்டி எங்கோ பனி பெய்கிற ஊருக்குள் வழுக்கிக்கொண்டு போவதாகப் பாலாம்பாளுக்குத் தோன்றும். அந்தக் காரின் மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை.

போன மாதம் பிரேக் பார்க்க வந்தபோது சுருளிதான் பேச்சுவாக்கில் சொன்னான்.

"இந்தக் கியர்பெட்டி எண்ணெயை ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்தணும்மா. மதுரையில இதைத் தொட ஆளு ஏது? மாத்தாமயேதேன் ஓடியிருக்கும். இனிமே மாத்துனா ஆபத்து. அந்தக் கறுப்பு அழுக்குதேன் உள்ள தேஞ்ச தட்டுகளைப் பிடிச்சு வச்சிருக்கு. புதுசை ஊத்துனா வண்டி உறுமும், நகராது."

கேட்ட நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. மெட்ராஸில் இருந்த தம்பிக்குச் சொல்லி அனுப்பி எண்ணெய் டின்களை வரவழைத்தாள். ஐயாதான் மாற்றச் சொன்னார் என்று சுருளியிடம் கூசாமல் பொய் சொன்னாள்.

போல்ட் முனகியது. பிறகு இளகியது.

தகரத் தொட்டியில் எண்ணெய் விழும் சத்தம் கேட்டது. பாலாம்பாள் கண்ணை மூடிக்கொண்டாள். கறுப்பு, கறுப்பு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நின்றாள்.

"அம்மா, சிவப்பா வருதும்மா. ஆரத்தி கரைச்ச கணக்கா."

சுருளி தொட்டியை இழுத்துக்கொண்டு வெயிலுக்கு வந்தான். தெளிந்த சிவப்பு. அடியில் இருந்த துருகூடத் தெரிந்தது.

"ஐயா லேசுப்பட்ட ஆளு இல்ல. மெட்ராஸ் போறப்பல்லாம் சத்தங்காட்டாம மாத்திட்டு வந்திருக்காரு. நான்தேன் கிறுக்கன் மாதிரி பயந்து செத்தேன். புதுசை ஊத்துறேன் பாருங்க, வண்டி பறக்கும்."

அவன் வாயெல்லாம் பல்லாக நின்றான். பாலாம்பாள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

மணி அடித்தது.

ஹாலாஸ்யம் நெற்றி நிறைய விபூதியோடு வாசலுக்கு வந்தார். செருப்பைக் காலால் துழாவி மாட்டிக்கொண்டார்.

"சுருளிதானே? கியர் எண்ணெயா மாத்தறே? நானே சொல்லணும்னு இருந்தேன்."

பானெட்டில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு தொட்டியின் மேல் குனிந்தார். வெயில் நேராக எண்ணெயில் விழுந்து, அந்தச் சிவப்பு அவருடைய தாடையில் ஆடியது.

வெகுநேரம் பார்த்தார்.

"என்னடா, கறுத்துடுத்தா?"

சுருளியின் சிரிப்பு நின்றது. தொட்டியைப் பார்த்தான். அதற்கு ஒரு முழம் மேலே இருந்த அந்தக் கண்களைப் பார்த்தான். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பிப் பாலாம்பாளைப் பார்த்தான்.



"கறுத்துப்போச்சுங்கய்யா" என்றான் சுருளி. "கரியாக் கருகிக் கெடக்கு. உள்ள இருக்குற தட்டெல்லாம் போயிருச்சு. இனி இதை ரோட்டுல எடுக்கவே கூடாது."

ஹாலாஸ்யம் கையை இறக்கி, எண்ணெயில் ஒரு விரலைத் தோய்த்து மூக்கருகே கொண்டுபோனார்.

பாலாம்பாள் கதவை விட்டு ஓரடி முன்னால் வந்தாள். கருகின எண்ணெயைக் கண்ணால் பார்க்கவே வேண்டியதில்லை, தீய்ந்த நாற்றம் தெருமுனை வரை வரும். இத்தனை வருஷம் இந்தக் காரோடு குடித்தனம் செய்த மனுஷருக்கு அது தெரியாதா? தொட்டியிலிருந்து வந்தது நல்ல எண்ணெயின் வாசனை மட்டும்தான்.

அவர் மோந்து பார்த்தார். விரலைக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துவிட்டு மறுபடியும் மோந்தார்.

"ஆமாண்டா" என்றார். "தீஞ்சுதான் போயிருக்கு."

விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு, பாலாம்பாள் நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளி இருந்த தூணைப் பார்த்துச் சொன்னார்:

"நாளைக்குப் பஸ்லயே போயிடலாம். ஜன்னலோரம் குழந்தை உட்கார்ந்துக்கட்டும்."