ஜன்னலுக்குக் கீழே ஓதம்

தையல்காரர் கழுத்தில் தொங்கிய இஞ்சு டேப்பை எடுத்து, சுவரில் ஏறியிருந்த ஈர ஓதத்தை அளந்தார்.

போன மாதம் முழங்காலுக்குச் சற்று மேலே நின்றதாம். இப்போது ஜன்னல் விளிம்பையே தொட்டுவிட்டது. கால்சட்டைக்கு அளவெடுப்பவர் மாதிரி முகத்தில் அத்தனை கவனம்.

நான் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். வீட்டின் மற்ற பக்கங்களில் கணீரென்று சத்தம் வந்தது. இங்கே பூச்சு பொதபொதவென்று கையோடு பெயர்ந்து வந்தது.

காரணம் கண்ணெதிரேதான் இருந்தது. சுவரை ஒட்டி முழங்கால் உயரத்துக்கு மண்ணைக் குவித்து, அதில் கல்வாழை நட்டு வைத்திருந்தார் மனுஷன்.

தரை ஈரம் மேலே ஏறாமல் இருக்கத்தான் சுவரின் அடியில் தார் பூசுகிறோம். அதற்கு மேலே மண்ணைக் குவித்தால் ஈரத்துக்கு ஏணி வைத்துக் கொடுத்த மாதிரி. மண்ணை அகற்றி, சுவரைக் காயவிட்டு, வரிசையாகத் துளை போட்டு மருந்து ஏற்றிப் பூசினால் தீர்ந்தது என்றேன்.

தையல்காரர் முகம் விழுந்துவிட்டது.

“மண்ண மட்டும் தொடாதீங்க மேஸ்திரி. படுத்த படுக்கையா கிடக்கிறா. கண்ணத் தொறந்தா பூவாவது தெரியட்டும்னு கூடை கூடையா நானே சுமந்து கொட்டினது.”

மனைவிக்குத் தொடை எலும்பு முறிந்து, இந்த ஜன்னலோரக் கட்டிலில்தான் கிடக்கிறாராம். சமையல், துணி, மருந்து எல்லாம் இவர்தான். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால், வேளை தவறாமல் கூஜாவை நிரப்பித் தலைமாட்டில் வைக்கிறார். வைத்த கையோடு காலியாகிவிடுகிறதாம். அதைச் சொல்லும்போது என்ன பெருமை. கடைத்தெருவில் இவரைக் கூஜா தூக்கி என்று கேலி செய்கிறார்களாம், அதிலும் பெருமைதான்.

இப்படிப்பட்டவரிடம் செடியைப் பிடுங்கு என்று எந்த வாயால் சொல்வது? ஆனால் மண்ணை விட்டுவிட்டு வைத்தியம் பார்த்தால் ஓதம் மறுபடி ஏறும். அந்த அம்மா படுத்திருப்பதும் இதே சுவரோரம்தான். எனக்கு இரண்டு பக்கமும் இடி.

கடையில் யாரோ கூப்பிட, தையல்காரர் முன்பக்கம் ஓடினார்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. மழை பெய்து மாதக்கணக்காகிறது. மண் குவித்தது தப்புதான், ஆனால் இவ்வளவு ஈரத்துக்கு அது மட்டும் போதாதே. குழாய் ஏதாவது ஒழுகுகிறதா என்று இலைகளை விலக்கிக் குனிந்தேன்.

பிடரியில் சில்லென்று தண்ணீர் கொட்டியது.

நிமிர்ந்தேன். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே கூஜாவின் வாய். அதற்குப் பின்னால் அந்த அம்மாவின் முகம்.

என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டார். கடைப்பக்கம் காதைக் கொடுத்தார். தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“அழுகிப் போகட்டும்னு ஊத்துறேன் தம்பி, இந்தப் பாழாப்போனது காடா வளருது. முன்னெல்லாம் இங்கருந்து தெரு தெரியும்.”

திரும்பிப் பார்த்தேன். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் ஒருவர் பையை ஒருவர் இழுத்துக்கொண்டு போனார்கள். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டபடி இரண்டு பெண்கள் யாரையோ பற்றிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இத்தனையும் அந்த அம்மாவுக்கு வெறும் சத்தம். எனக்கு மனசு கேட்கவில்லை.

தையல்காரர் வந்ததும், மண்ணை எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கல்வாழைப் பூ ஒன்றைத் தடவிக் கொடுத்துவிட்டு, அவளிடம் எப்படிச் சொல்வேன் என்று முனகியபடி உள்ளே போனார்.

நான் மண்வெட்டியை எடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தார், கையில் காலிக் கூஜாவோடு.

“சரின்னு தலைய மட்டும் ஆட்டினா. பாவம், துக்கத்துல ஒரு கூஜா தண்ணியையும் ஒரே மூச்சுல குடிச்சிருக்கா.”

அதை மறுபடி நிரப்பக் குழாயடிக்குப் போனார். என் சட்டைக் காலர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.